டப்பாக்காரிக்கு விட்ட டெண்டர்

மூன்று தாள்களை ஒட்டி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு நான் தயாரித்த ஒப்பீட்டு அட்டவணையின் மேல் சரோஜா பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

புனேயில் குளிர் வந்துவிட்டால் எல்லார் வீட்டு மேசையிலும் பட்டாணித் தோல்தான். அன்று எங்கள் மேசையில் அதற்கடியில் தமிழ்ப் பதிப்புலகமும் கிடந்தது. ‘சென்னைப் பதிப்பகம்’ என்ற பத்தியின் மேல் தோல் குவியல். ‘பேக்கேஜ் கம்பெனி’ மேல் எவர்சில்வர் கிண்ணம். ‘நாமே அச்சிடுதல்’ என்ற மூன்றாவது பத்தி மட்டும் வெளியே தெரிந்தது. அதன் மேலும் ஒரு பட்டாணி உருண்டு வந்து நின்றது.

“சரோ, அது அட்டவணை.”

“தெரியுது. நல்லா பெரிசா இருக்கு. பேப்பரை விட இதுதான் சௌகரியம்.”

“உன் புத்தகத்துக்காகத்தான் போட்டிருக்கேன். ஒரு தடவை படிச்சுப் பாரேன்.”

“இவ்ளோ பொடிசா எழுதிட்டு என்னைப் படிக்கச் சொல்றீங்க. நீங்களே வாசிங்க.”

தோலை ஒதுக்கி ஒதுக்கி வாசித்தேன். விநியோகக் காலம், உரிமை யாருக்கு, ராயல்டி எப்படி, அட்டை யார் பொறுப்பு, விற்காமல் நின்றால் யார் வீட்டுப் பரணில் கிடக்கும். சரோஜா முழுக்கக் கேட்டாள். கடைசிப் பட்டாணியை உரித்துப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

“எல்லாம் அச்சா, நல்லாத்தான் இருக்கு. இதுல யாராவது என் கதையைப் படிச்சாங்களான்னு ஒரு கட்டம் இருக்கா?”

இல்லை.

லக்ஷ்மி ரோடு நேராக இருக்கிறது

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குச் சரோஜாவைத் தெரியும். நடுவில் ஏறிக்கொண்டவர்களுக்காகச் சொல்கிறேன். என் மனைவி. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். அவள் இங்கேயே, கட்கியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்தவள். அவளுடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ஃபிட்டராக வந்தவர்.

அதே மாதிரியான ஓர் அரசுத் தொழிற்சாலையில் நான் கொள்முதல் அதிகாரியாக இருந்தேன். அரசாங்கம் ஒரு ஆணி வாங்குவதானாலும் எத்தனை கையெழுத்து வேண்டும், அவை எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை இன்றும் என்னால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல முடியும். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை. எங்கள் குடியிருப்புச் சங்கம் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் தேடியபோது முறைப்படி டெண்டர் விடச் சொன்னேன். டெண்டர் திறக்கும் நாளுக்குள் செயலாளரே ஏணி வைத்து ஏறிக் கழுவிவிட்டார். அதற்கப்புறம் சங்கக் கூட்டம் நடப்பது எனக்கு மறுநாள்தான் தெரியவருகிறது.

நான் ஓய்வு பெற்று, பேப்பரைத் தலைப்பிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை படிக்கத் தொடங்கிய காலத்தில், சரோஜா மத்தியானங்களில் எழுத உட்கார்ந்தாள். ஒரு நாவல். கட்கியில் கணவனை இழந்த ஒரு பெண், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தனிக்கட்டை ஆண்களுக்குச் சமைத்து டப்பாவில் அடைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். அவளை ஊரே டப்பாக்காரி என்று கூப்பிடுகிறது. நாவலுக்கும் அதுதான் பெயர்.

கணினியில் தட்டச்சு செய்தது நான். அதில் பேசுகிறவர்கள் எல்லாரும் சரோஜாவின் தெருக்காரர்கள். ஒரே வாக்கியத்தில் தமிழில் ஆரம்பித்து, இந்தியில் திட்டி, மராத்தியில் சமாதானமாகி முடிப்பார்கள். நான் தட்டும்போதே ‘பாஜி’யைக் ‘கறி’ ஆக்குவேன். மறுநாள் அது மறுபடியும் பாஜியாக இருக்கும்.

“அவ கறின்னு சொல்ல மாட்டா.”

“யாரு?”

“டப்பாக்காரி.”

நாங்கள் இருவரும் அவளைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரியைப் பேசுவது போலப் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

கதை முடியும் தறுவாயில் சரோஜாவின் வரிகள் தாளில் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று போனோம். விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு என்றார் டாக்டர். ஓரத்தில் எல்லாம் தெரியும், நேராகப் பார்ப்பதுதான் மங்கும். கண்ணுக்குள் ஊசி போட்டார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு காகிதத்தைக் கொடுத்து, தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். கோடு வளைந்தால் உடனே வர வேண்டும்.

அது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பால் எடுக்கப் போகும்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அதன் முன் நிற்பாள்.

“என்ன நிலவரம்?” என்பேன்.

“லக்ஷ்மி ரோடு நேரா இருக்கு. குறுக்குச் சந்துதான் கொஞ்சம் கோணல்.” கட்டத்தின் கோடுகளுக்கு அவள் புனே கடைத்தெருவின் பெயர்களை வைத்திருந்தாள்.

எவ்வளவு நாளைக்கு இப்படியே நிற்கும் என்று டாக்டரைக் கேட்டேன். வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். நேர்மையான பதில். எனக்குத்தான் பிடிக்கவில்லை.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் சரோஜா சொன்னாள்: “என் புக்கை நான் படிக்கணும். நீங்க வாசிச்சு நான் கேக்கறது இல்ல. நானே என் கண்ணால படிக்கணும்.”

ஒரு கொள்முதல் அதிகாரியிடம் இதைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? அட்டவணை போட்டான்.

பெஞ்சுக்கு எந்தப் பக்கம்

யாரும் படிக்கவில்லை என்ற அவளுடைய குற்றச்சாட்டுக்கு நான் முறைப்படி பதில் செய்தேன். சென்னையிலும் கோவையிலும் உள்ள சில பதிப்பகங்களுக்கு, மாதிரிக்கு ஓர் அத்தியாயத்தை இணைத்து, விசாரணைக் கடிதம் அனுப்பினேன். நிபந்தனைகளைத் தனித்தாளில் ஷரத்து ஷரத்தாக எழுதினேன். எங்கள் தொழிற்சாலையில் எண்ணெய்ப் பீப்பாய் முதல் ரப்பர் வளையம் வரை அந்த ஷரத்துகள் பொருந்தாத பொருளே கிடையாது. நாவலுக்கு மட்டும் பொருந்தாமல் போகும் என்று நான் ஏன் நினைக்க வேண்டும்?

பெரும்பாலும் பதிலில்லை. ஒரு பதிப்பகம் விலைப்பட்டியல் அனுப்பியது. பிறகு ஒரு காலை, சென்னையிலிருந்து தொலைபேசி. பதிப்பகமொன்றின் ஆசிரியர், தமிழரசி என்று பெயர் சொன்னார். நடுவயதுக் குரல்.

“சார், உங்க விசாரணைக் கடிதம் வந்தது. எல்லாருமா சேர்ந்து படிச்சோம். ஒரு சந்தேகம்.”

“கேளுங்க. தெளிவாத்தான் எழுதியிருப்பேன்.”

“‘பொருள் தரக்குறைவாக இருப்பின் விற்பனையாளர் தம் சொந்தச் செலவில் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்’னு ஒரு ஷரத்து இருக்கே. இதுல விற்பனையாளர் யாரு சார்? நானா, உங்க மிஸஸா?”

“நீங்கதான்.”

“நாங்க வாங்கறவங்க சார். கதை உங்க வீட்டுலேர்ந்துதானே வருது. தரம் குறைவுன்னா நாங்க திருப்பி அனுப்பணும். நீங்க எடுத்துட்டுப் போகணும்.”

அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்று புரிந்தது. என் சமையலறையிலும் ஒரு சிரிப்பு கேட்டது. நானும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன்.

“அது இருக்கட்டும் சார். மாதிரி அத்தியாயத்துல டப்பாக்காரி மழையில நனைஞ்சுபோன அடுப்பைத் திட்டறா பாருங்க. அந்த இடத்துக்கப்பறம் என்ன ஆச்சுன்னு தெரியணும். மீதியை அனுப்பறீங்களா?”

சமையலறையில் சிரிப்பு நின்றுபோனது.

இங்கே கொஞ்சம் பழைய கதை. என் அலுவலக அறைக்கு வெளியே, வராந்தாவில், ஒரு மர பெஞ்சு இருந்தது. எங்களுக்குப் பொருள் விற்க வருகிறவர்கள் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தோல் பை. சிலர் மாதிரிப் பொருளைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார்கள், ஒரு திருகாணியையோ ஒரு வால்வையோ. நான் தேநீர் குடிக்கப் போகும்போது எழுந்து நிற்பார்கள், திரும்பி வரும்போதும் எழுந்து நிற்பார்கள். ஒருவர், பித்தளை வால்வு செய்கிறவர், காத்திருக்கும் நேரமெல்லாம் அந்த வால்வைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அது ஏற்கெனவே முகம் பார்க்கும்படி பளபளக்கும்.

பெஞ்சை நான் எப்போதும் அறைக்குள்ளிருந்துதான் பார்த்திருக்கிறேன். தமிழரசிக்கு மீதி நாவலை அனுப்பிய பிறகுதான், அதில் உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நாங்கள் இருவரும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். சரோஜா போனைச் சார்ஜரிலிருந்து எடுக்கவே விடவில்லை. நான் ஏற்கெனவே அனுப்பிவிட்ட கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காற்புள்ளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சில்வர், கோல்ட், பிளாட்டினம்

காத்திருந்த நாட்களில் வேறொரு போன் வந்தது. பேக்கேஜ் கம்பெனி. இணையத்தில் நான் ஏதோ ஒரு பெட்டியில் எங்கள் எண்ணைத் தட்டியிருந்தேன். அது போதுமாயிருந்தது.

மிகவும் மரியாதையான இளைஞர். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். நாம் கட்டும் பணத்தைப் பொறுத்து சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று மூன்று விதம். சில்வரில் புத்தகம் வரும். கோல்டில் புத்தகமும் வெளியீட்டு விழாவும் வரும். பிளாட்டினத்தில் புத்தகம், விழா, ஒரு விருது.

“விருது எந்தக் குழு கொடுக்கும்?” என்று கேட்டேன்.

“பேக்கேஜிலேயே இருக்கிறது சார்.”

“நாவலைப் படித்துவிட்டீர்களா?”

“படிக்க அவசியமில்லை சார். எந்த மொழியானாலும் நாங்கள் போடுகிறோம்.”

போனை வைத்ததும் சரோஜாவிடம் சொன்னேன். விருதுக்கு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“ஆள் யாரு என்னன்னு பாக்காம ‘உள்ளே வாங்க’ங்கறவன் வீட்டுக்குள்ள நான் ஏன் போகணும்? நக்கோ, வேணாம்.”

அவளுக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் பாதி புரிந்தது. அச்சடிக்க நான் இருக்கிறேன், அச்சகம் இருக்கிறது. ஆனால் எங்களைத் தெரியாத, எங்கள் வீட்டில் காப்பி குடிக்காத யாரோ ஒருவர், படித்துப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். நான் நூறு தடவை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். அவள் ரசத்தையும் அப்படித்தான் சொல்வேன்.

தமிழரசியின் முடிவு வந்த மத்தியானம், சரோஜா ஊசி போட்டுக்கொண்டு வந்து கண்ணை மூடிப் படுத்திருந்தாள். போனை நான்தான் எடுத்தேன். பேசி முடித்துவிட்டு உள்ளே போனேன்.

“யாரு?”

“சென்னை.”

கண்ணைத் திறக்காமலேயே எழுந்து உட்கார்ந்தாள். “என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க. உங்க ஆபீஸ் பாஷையில சுருக்காதீங்க.”

“பிடிச்சிருக்குன்னாங்க.”

“அந்த வார்த்தையா?”

“‘ஆபீஸ்ல உக்காந்து படிச்சுட்டு இருந்தேன், எனக்குப் பசிச்சுது. ரொம்ப நாளாச்சு ஒரு கதை இப்படிப் பண்ணி. நாங்க போடறோம்’னாங்க.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னேன்.

நான் அறையை விட்டு வெளியே வருவதற்குள் மறுபடியும் குரல் வந்தது. “ஏங்க. இன்னொரு தடவை.”

எந்த அரசாணையையும் நான் யாருக்கும் மூன்று முறை வாசித்துக் காட்டியதில்லை.

நிபந்தனைகளை அன்று சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன். அடுத்த புத்தகக் கண்காட்சிக்கான பட்டியல் நிரம்பிவிட்டது, அதற்கும் அடுத்ததில்தான் இடம். உரையாடல்களில் பாதியைத் தமிழ்நாட்டு வாசகருக்குப் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும். தமிழரசி இதை வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

சரோஜா ஃபிரிட்ஜைப் பார்த்தாள். கட்டத்தையா, ஃபிரிட்ஜையா, எனக்குத் தெரியவில்லை.

ஒன்றிலிருந்து நான்கு வரை

அட்டவணையின் மூன்றாவது பத்திக்காக நாராயண் பேட்டுக்குப் போனோம். அங்கே ஒரு சந்தில் பட்வர்தன் என்பவருடைய டிஜிட்டல் அச்சகம். கதவில் ஒரு பலகை: மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும், மணி அடிக்க வேண்டாம், அடித்தாலும் திறக்க மாட்டோம். புனேக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கோபப்படுவார்கள். எனக்கு இது ஒழுங்காக வரையப்பட்ட ஒப்பந்தமாகத்தான் தோன்றும். எல்லா ஷரத்தும் தெளிவு.

பட்வர்தனுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அது அவரைத் துளியும் பாதிக்கவில்லை. கோப்பைக் கொடுத்தால் அச்சடிப்பேன், உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்கள் கவலை என்றார் மராத்தியில். காகிதம் எது, அட்டை பளபளப்பா மந்தமா, பசையா தையலா என்று வரிசையாகக் கேட்டார். நான் பதில்களைத் தட்டச்சு செய்தே கொண்டுபோயிருந்தேன்.

“எழுத்து எவ்வளவு பெரியது?”

அதற்கு மட்டும் என்னிடம் பதிலில்லை. “வழக்கமாக இருப்பதுதான்,” என்றேன்.

அவர் அலுப்போடு இழுப்பறையைத் திறந்து, ஒரே பத்தியை வெவ்வேறு அளவில் அச்சடித்த மாதிரித் தாள்களை மேசையில் போட்டார். மராத்தி எழுத்து. சரோஜா கட்கிப் பள்ளிக்கூடத்தில் மராத்தியில்தான் படித்தவள். தமிழ், வீட்டில் அவள் அப்பா சொல்லிக்கொடுத்தது.

முதல் தாளை எடுத்தாள். முகத்தைச் சாய்த்து, ஓரப் பார்வையால் துழாவினாள். வைத்துவிட்டாள். இரண்டாவது. அதற்கடுத்தது. நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். பிறகு சத்தம் கேட்டது. சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை. உறுப்பினர்கள் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும் என்று முடியும் அந்தப் பத்தியை ஒரு திணறல் இல்லாமல் படித்து முடித்தாள்.

“ஏங்க. இது.”

“இந்த அளவா?” என்றார் பட்வர்தன். “இது சின்னப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு. நாவலை இதில் போட்டால் செங்கல் மாதிரி ஆகிவிடும். யாரும் செய்வதில்லை.”

“நீங்கள் செய்வீர்களா, மாட்டீர்களா?” என்றாள் சரோஜா மராத்தியில்.

“நான் ஏன் மாட்டேன்? தூக்கப் போவது நீங்கள்.”

வீட்டுக்கு வந்ததும் அட்டவணையின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். ‘எழுத்தின் அளவு.’ அதுவரை அந்தக் கேள்வி அதில் இல்லை.

சென்னைக்குப் போன் செய்து கேட்டேன். அந்த அளவில் போட்டால் பக்கம் இரண்டு மடங்காகும், கடைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள் என்றார் தமிழரசி. நீங்களே முதலில் பெரிய எழுத்தில் வெளியிட்டுவிட்டால் நாங்கள் பிறகு போட முடியாது, எங்கள் முதலாளியின் விதி அது என்றும் சொன்னார். விதி என்ற பிறகு நான் வாதாடுவதில்லை.

மூவரும் ஒருவராக இருக்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை வித்யா வந்தாள். எங்கள் ஒரே மகள், கராடியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறாள். தமிழ் பேசுவாள். படிப்பது என்றால் தமிழ்நாட்டுப் பேருந்துப் பலகையளவுக்குத்தான், அதுவும் பேருந்து நின்றிருந்தால்.

நான் நிலைமையை விளக்கினேன். சொந்தமாக வெளியிடுவதில் எனக்கிருந்த பெரிய ஆட்சேபம் நடைமுறை பற்றியது. பொருள் வேண்டுமென்று கேட்பவர், அதை வாங்குபவர், சரியாக இருக்கிறதா என்று சோதிப்பவர் ஆகிய மூவரும் ஒருவராக இருக்கக் கூடாது. கணக்குத் தணிக்கையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நாமே எழுதி, நாமே அச்சடித்து, நாமே பிரமாதம் என்று சொல்லிக்கொண்டால் அது என்ன?

“அப்பா, நீ ரொம்ப ஓவரா பண்றே. அம்மாவைக் கேட்டியா ஃபர்ஸ்ட்?”

“கேட்கத்தான் அட்டவணை.”

“அது கேக்கறது இல்லப்பா. அது மீட்டிங்.”

என்னிடம் ஒரு சமரசத் திட்டமும் இருந்தது. பட்வர்தனிடம் ஒரே ஒரு பிரதி, பெரிய எழுத்தில், சரோஜாவுக்காக. ஊருக்குச் சென்னைப் பதிப்பு, அவர்கள் சொன்ன காலத்தில். யாருக்கும் நஷ்டமில்லை. இதைச் சொல்லிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“ஒரு காப்பி அடிச்சா அது புக் இல்ல. ஜெராக்ஸ்,” என்றாள் சரோஜா.

“ரெண்டும் நீ எழுதினதுதானே?”

“அரே, கேளுங்க. நான் படிக்கற அதே பக்கத்தை வேற எங்கேயோ இன்னொருத்தி படிக்கணும். கட்கியில ரெண்டு பேர் படிச்சாக்கூடப் போதும். எனக்கு மட்டும் ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னா அது நோயாளிக்குத் தனியா வடிச்ச கஞ்சி மாதிரி. அதுவும் ஊருக்குப் போறதுல அவ பாஜின்னு சொல்லக்கூட மாட்டா.”

வித்யா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “ஆனா மம்மி, அந்தச் சென்னை மேடம் யெஸ் சொன்னாங்களே. உனக்கு அதானே வேணும்னு இருந்துச்சு? அது போயிடும்.”

இந்தக் கேள்வியை நான் கேட்கத் துணியவில்லை. சரோஜா புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“எங்கே போகும்? படிச்சாங்க, பிடிச்சிருக்குன்னாங்க. அதைத் திரும்ப வாங்கிக்க முடியாது. புக் போடறதும் பிடிக்கறதும் ஒண்ணுன்னு நான்தான் நினைச்சுட்டு இருந்தேன். வேற வேற.” பிறகு என்னைப் பார்த்தாள். நேராகப் பார்ப்பதற்காக அவள் முகத்தைக் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கிறது. “ரெண்டு வருஷம் கழிச்சு சென்னை புக் வரும். ரொம்ப நல்லா இருக்கும். நீங்க அதைப் பிரிச்சு எனக்கு வாசிப்பீங்க. நல்லாத்தான் வாசிப்பீங்க. எனக்கு அது வேணாம்.”

தமிழரசிக்கு அவளே போன் செய்தாள். அடுத்த அறையிலிருந்து எனக்கு அவள் பக்கம் மட்டும்தான் கேட்டது. “இல்லம்மா, கோவமெல்லாம் இல்ல... கண்ணுதான்... ஆமாம், இவர்தான் அந்த லெட்டர் எழுதினவர்...” நீண்ட சிரிப்பு. அப்புறம் நீண்ட நேரம் “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: “நாலாவது அத்தியாயம் இழுக்குதாம். கல்யாண வீட்டுச் சமையல் அவ்வளவு தேவையில்லையாம். பேச்சுல ஒரு வார்த்தைகூட மாத்தாதீங்க, இனிமே அது உங்க இஷ்டம்னாங்க. ஒரு காப்பி அவங்களுக்கு வேணுமாம்.”

“நாலாவது எனக்கு ரொம்பப் பிடிக்குமே!”

“உங்களுக்கு எல்லாமே பிடிக்கும். போய்க் கம்ப்யூட்டரைத் திறங்க.”

கல்யாண வீட்டில் பாதியை வெட்டினோம். சோதிப்பவர் வெளியாள். தணிக்கையில் இனி யாரும் கேள்வி கேட்க முடியாது.

இம்பிரிண்ட் பக்கம்

அடுத்த சில வாரங்கள் ஓய்வுக்குப் பிறகு நான் அனுபவித்த மிக மகிழ்ச்சியான காலம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சர்வதேசப் புத்தக எண்ணுக்கு அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதில் எத்தனை இணைப்புகள்! இம்பிரிண்ட் எனப்படும் உரிமைப் பக்கத்தை நானே எழுதினேன். சரோஜாவின் பெயர், பதிப்பு, அச்சிட்ட இடம், எழுத்துரு. வெளியிடுபவர் என்ற இடத்தில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பின் பெயரைப் போடலாம் என்றேன். சங்கச் செயலாளர் ஞாபகம் வந்ததும் நானே மறுத்துக்கொண்டேன். கடைசியில் சரோஜா தன் அப்பாவின் பெயரை வைத்தாள். அவர் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

அட்டைக்கு வித்யா ஒரு பித்தளை டப்பாவை எங்கள் பால்கனிச் சுவரில் வைத்துப் படமெடுத்தாள். மெய்ப்பு வந்த அன்று அவளும் இருந்தாள். சும்மா புரட்டியவள், முதல் பக்கத்தில் நின்றாள். உதடு அசைந்தது.

“த... ண்... தண்ணி. தண்ணி வரு... வர்றதுக்கு முன்னாடி.” நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, இது என்னால படிக்க முடியுது. எழுத்து பெரிசா இருக்கில்ல, ஒண்ணு ஒண்ணா தெரியுது.”

மறுபடியும் குனிந்து அந்த வாக்கியத்தை எழுத்துக் கூட்டினாள். அவள் முடித்ததும் சரோஜா, “அடுத்த லைன்ல அவ உன்னை மாதிரி ஒருத்தியைத் திட்டுவா, படி,” என்றாள்.

பெட்டிகள் வந்த பிறகு

புத்தகங்கள் ஒரு டெம்போவில் வந்தன. பட்வர்தன் சொன்னது சரி, செங்கல்தான். கட்கிக்குச் சில போயின, தமிழ்ச் சங்கத்துக்குச் சில, சென்னைக்கு ஒன்று. மீதி வித்யாவின் பழைய கட்டிலுக்கடியில் இருக்கின்றன. விநியோகம் என்ற தலைப்பில் நான் வகுத்த திட்டங்களைப் பற்றி எழுதினால் இந்த இதழின் பக்கங்கள் போதாது. பலனைப் பற்றி எழுத ஒரு வரி போதும். மெல்ல மெல்லக் குறைகின்றன.

எந்த வழி சிறந்தது என்று வாசகர்கள் சிலர் கடிதம் எழுதிக் கேட்கிறார்கள். அட்டவணையைக் கேட்கிறார்கள். அனுப்பிவைக்கத் தயார்தான். ஆனால் கடைசியில் முடிவெடுத்த வரி, நான் அதில் கடைசியாகச் சேர்த்தது.

பெட்டிகள் வந்த மறுநாள் காலை. எங்கள் பால்கனியில் வெயில் விழும் மூலையில் நாற்காலி போட்டு, மடியில் தலையணை வைத்து, அதன் மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு சரோஜா உட்கார்ந்திருந்தாள். ஒரு விரல் வரியின் கீழே ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கம் திரும்பும்போது மட்டும் விரல் எழுந்து, மறுபடியும் மேலே போய் உட்காரும்.

கீழே பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. யாரோ யாரையோ “சல், சல்” என்று விரட்டினார்கள். அவள் நிமிரவில்லை. நான் போட்ட காப்பி அவள் பக்கத்தில் ஆடை கட்டியிருந்தது. என் காப்பி அப்படியொன்றும் மோசமில்லை.

“சரோ, பாங்குக்குப் போகணும்னியே.”

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

“சரோ.”

“உஷ்! சும்மா இருங்க. முக்கியமான இடத்துல இருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “நீ எழுதினதுதானே? அடுத்து என்ன வரும்னு உனக்குத் தெரியாதா?”

விரலை எடுக்காமல், தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“தெரியும். எழுதியிருக்கேன். படிச்சதில்லையே.”